அயல் பண்பாட்டைப் பேசும் பெருநாவல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் சமூக மன்ற அறையொன்றில் மாதந்தோறும் கூடிப் பேசும் எங்கள் வாசகர் வட்டத்தில், புதிதாகச் சேருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வகையான கேள்விகளைக் கேட்கிறார்கள். எகிப்து, ஜப்பான், ரஷ்யா, ஜாவா என்று நமக்குப் பழக்கமில்லாத சமூகங்களில் நடக்கும், எழுநூறு, ஆயிரம் பக்கங்களுக்கு நீளும் நாவல்களை, வேலையும் குடும்பமும் உள்ளவர்கள் எதற்காகப் படிக்க வேண்டும் என்பதே அவற்றின் சாரம். கூட்டங்களில் வாய்மொழியாகச் சொல்லிவந்த பதில்களைச் சற்று விரித்து இங்கே எழுதியிருக்கிறேன். கருத்துகள் என்னுடையவை, வட்டத்தில் எல்லாரும் இவற்றை ஒப்புக்கொள்வதில்லை.

எந்த வகை நாவல்களைச் சொல்கிறீர்கள்?

கதை வெளிநாட்டில் நடந்தால் மட்டும் போதாது. இரண்டு காதலர்கள் பாரிஸில் சந்திக்கிறார்கள். அவர்களை அப்படியே தூக்கிச் சிராங்கூன் சாலையில் வைத்தாலும் கதை குலையாது என்றால், பாரிஸ் அங்கே நாடகத் திரைச்சீலை மட்டுமே. நாங்கள் பேசும் நாவல்களில், அந்த ஊரின் வழக்கம்தான் கதையை நகர்த்தும். யார் முன்னால் யார் உட்காரலாம், எந்த அவமானத்துக்கு என்ன ஈடு, பெண் எந்த வாசலைத் தாண்டலாம் என்பன போன்ற விதிகளை எடுத்துவிட்டால் அந்தக் கதையே இல்லை. இரண்டாவது அடையாளம் நீளம். அதற்குத் தனியே பதில் சொல்ல வேண்டும்.

அதற்கு ஏன் இத்தனை பக்கங்கள்? முந்நூறு பக்கத்தில் முடிக்கக் கூடாதா?

ஒரு சமூகத்தின் வழக்கத்தை ஒரே வரியில் தெரிவித்துவிடலாம். அந்த வழக்கம் நமக்கே இயல்பாகத் தோன்றும்படி செய்ய ஒரு வரி போதாது. புதிதாக வாழ்க்கைப்பட்டுப் போன வீட்டில், எந்த நாற்காலி மாமனாருடையது, எந்தப் பேச்சைச் சாப்பாட்டு நேரத்தில் எடுக்கக் கூடாது என்பதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்காமலே சில மாதங்களில் பிடிபட்டுவிடுகிறது. பெருநாவலும் வாசகரை அப்படித்தான் பழக்குகிறது.

எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு, 1988இல் நோபல் பரிசு பெற்ற எகிப்திய எழுத்தாளர் நகீப் மஹ்ஃபூஸ் 1956, 1957 ஆண்டுகளில் வெளியிட்ட கெய்ரோ முந்நாவல். ஒரே குடும்பத்தை 1917 முதல் 1944 வரை தொடரும் கதை அது. நள்ளிரவில் தொடங்குகிறது. அமீனா தானாகவே விழித்துக்கொள்கிறாள். வெளியே கேளிக்கையை முடித்துக்கொண்டு வரும் கணவர் மாடிப்படி ஏறும்போது அவள் விளக்குப் பிடிக்க வேண்டும். கால் நூற்றாண்டு மணவாழ்க்கையில் அவள் தெருவைப் பார்த்ததெல்லாம், மரப்பின்னல் அடைத்த மாடத்தின் துளைகள் வழியாகத்தான். காலையில் தந்தையும் மகன்களும் உண்ணும்போது யாரும் வாய் திறப்பதில்லை. தாய் அருகே நின்றுகொண்டிருக்கிறாள். இப்படியே அத்தியாயம் அத்தியாயமாக அந்த வீட்டின் நாள்கள் நகர்கின்றன. பரபரப்பை எதிர்பார்த்து வந்தவர்கள் இந்த இடத்தில்தான் புத்தகத்தை மூடிவைக்கிறார்கள்.

பிறகு ஒரு நாள், கணவர் வேலையாகப் போர்ட் சயீதுக்குச் சென்றிருக்கும் சமயம், பிள்ளைகளின் தூண்டுதலால் அவள் கடைசி மகனைக் கூட்டிக்கொண்டு, அருகிலேயே உள்ள ஹுசைன் பள்ளிவாசலுக்குப் போய்வர முடிவெடுக்கிறாள். திரும்பும் வழியில் மோட்டார் வண்டி இடித்து, தோளருகே காறை எலும்பு முறிகிறது. ஊரிலிருந்து வந்த கணவர், எலும்பு கூடும்வரை பொறுத்திருந்துவிட்டு, அவளைத் தாய்வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுகிறார்.

இதை இங்கே சில வரிகளில் படிக்கும்போது கோபம் மட்டுமே வரும். அந்த வீட்டில் அத்தனை பக்கங்கள் இருந்துவிட்டு வருகிறவருக்கோ, அவள் வாசலைத் தாண்டும் கணத்தில் கோபத்துக்கு முன்னால் பயம் வருகிறது. ‘போகாதே அம்மா’ என்று சொல்லத் தோன்றுகிறது. ஜூரோங்கை நோக்கிச் செல்லும் ரயிலில் உட்கார்ந்திருக்கும் ஒருவர், நூறு ஆண்டுக்கு முந்தைய கெய்ரோ வீடொன்றின் சட்டத்தைத் தம் சட்டமாகவே எடுத்துக்கொண்டு நடுங்குகிறார். அந்தச் சட்டத்தை அவர் ஏற்கவில்லை. ஆனால் அதற்கு உட்பட்டு வாழ்வது எப்படிப்பட்டது என்பது அவருக்கு உடம்பிலேயே தெரிந்துவிட்டது. பக்கங்கள் தேவைப்படுவது இதற்குத்தான். சிறுகதையால் நம்மை அந்த வீட்டு வாசலில் நிறுத்த முடியும். அந்த வீட்டாரில் ஒருவராக்க முடியாது.

அந்நியச் சமூகத்தை அறிய வரலாற்று நூலோ ஆவணப்படமோ போதாதா?

தகவலுக்குப் போதும், பல சமயம் நாவலைவிட அவை நம்பகமானவை. டச்சுக்காரர் ஆண்ட ஜாவாவில், ஐரோப்பியர் மணம் செய்யாமல் வீட்டில் வைத்துக்கொண்ட உள்ளூர்ப் பெண்ணுக்குத் தான் பெற்ற பிள்ளைமீதுகூடச் சட்ட உரிமை கிடையாது என்பதை வரலாற்று நூல் ஒரு பத்தியில் சொல்லிவிடும். இந்தோனேசிய எழுத்தாளர் பிரமூதியா அனந்த தூரின் நால்வரிசை நாவலின் முதல் பாகம் அதையே ஒரு வீட்டின் கதையாக ஆக்குகிறது. தந்தையால் டச்சுக்காரர் ஒருவருக்கு விற்கப்பட்ட ஞாய் ஒந்தோசோரோ, தானாகவே படித்து, கணக்கெழுதக் கற்று, பெரிய பண்ணையையும் வியாபாரத்தையும் கட்டி நடத்துகிறாள். அவளுடைய நிமிர்ந்த நடையைப் பார்த்துப் பார்த்து, இவளை யாரால் என்ன செய்துவிட முடியும் என்று நாமும் நம்பத் தொடங்கியிருக்கும்போது, நீதிமன்றம் அவள் மகளை அவளிடமிருந்து பிரித்துக் கப்பலேற்றுகிறது. வரலாற்று நூலில் முதல் வரியாக வரும் செய்தி இங்கே கடைசியில் வருகிறது.

அந்த நாவல் பிறந்த விதத்தையும் சொல்ல வேண்டும். பிரமூதியா 1969 முதல் 1979 வரை இந்தோனேசியாவின் புரு தீவில் விசாரணையின்றி அடைக்கப்பட்டிருந்தார். எழுத அனுமதி இல்லாத காலத்தில் அந்தக் கதையை உடனிருந்த கைதிகளுக்கு வாயாலேயே சொன்னார். முதல் பாகம் 1980இல் புத்தகமாக வந்தது. அடுத்த ஆண்டே இந்தோனேசியாவில் தடை செய்யப்பட்டது. நாளின் இறுதியில் களைத்துக் கிடப்பவர்களைக் கதையில் கட்டிப்போட வேண்டிய கட்டாயம் இருந்ததாலோ என்னவோ, நான்கு பாகங்கள் நீண்டும் கதை தொய்வதில்லை.

அந்தச் சமூகத்தைச் சேராத ஒருவர் எழுதிய நாவலை நம்பலாமா?

வட்டத்தில் அதிகம் சண்டை வருவது இந்தக் கேள்வியில்தான். சண்டையின் நடுவில் தவறாமல் வருவது ஜேம்ஸ் கிளாவெல்லின் ‘ஷோகன்’. கிளாவெல்லுக்கும் நம் ஊருக்கும் தொடர்பு உண்டு. பிரிட்டிஷ் படை அதிகாரியான அவர் ஜாவாவில் ஜப்பானியரிடம் பிடிபட்டு, சாங்கியில் போர்க்கைதியாக இருந்தவர். அந்த அனுபவத்தை வைத்து 1962இல் ஒரு நாவலும் எழுதினார். தம்மைச் சிறைவைத்தவர்களின் நாட்டைப் பற்றி 1975இல் அவரே ஆயிரம் பக்கத்துக்கு மேல் ஈடுபாட்டுடன் எழுதினார் என்பது, எத்தனை முறை யோசித்தாலும் வியப்பளிக்கும் செய்தி.

1600ஆம் ஆண்டு ஜப்பானில் கரையொதுங்கிய ஆங்கில மாலுமி வில்லியம் ஆடம்ஸின் வரலாறே ‘ஷோகன்’ நாவலுக்கு அடிப்படை. கதையில் அவர் பெயர் பிளாக்தார்ன். வந்த புதிதில் குளித்தால் நோய் வரும் என்று அஞ்சிக் குளிக்க மறுக்கிறார். ஜப்பானியர் அவரைக் காட்டுமிராண்டியாகப் பார்ப்பது அவருக்கும் புரியவில்லை, நமக்கும் சற்று மிகையாகவே படுகிறது. பல நூறு பக்கங்களுக்குப் பிறகு, பிரிந்துபோன தம் கப்பல் தோழர்களைத் தேடிப் போகிறார். அழுக்கும் பேனும் நாற்றமுமாக அவர்கள் அவரைக் கட்டித் தழுவ வரும்போது அவருக்குக் குமட்டுகிறது; எப்போது வெளியேறிக் குளிப்போம் என்றிருக்கிறது. வாசகருக்கும் குமட்டுகிறது. தொடக்கத்தில் நாமும் அவரும் எந்தப் பக்கம் நின்றோமோ அந்தப் பக்கம் இப்போது அந்நியமாகிவிட்டது. இந்த இடமாற்றத்தை வாசகர் அறியாமல் நடத்திக்காட்டிய திறமைக்காகவே நான் அந்த நாவலை மதிக்கிறேன்.

குறைகளும் உண்டு. பெயர்களை மாற்றி, நிகழ்ச்சிகளைத் தம் வசதிக்கு வளைத்து எழுதப்பட்ட நாவல் அது. கதையில் வரும் ஜப்பானியப் பிரபுவுக்கு அசலான தொக்குகாவா இயேயாசு பற்றி அறிய விரும்புகிறவர் வேறு நூல்களைத் தேட வேண்டும். ஜப்பானியர் எந்நேரமும் சாகத் தயாராக இருப்பவர்கள் என்ற தோற்றத்தையும் அது தருகிறது. ஒரு மக்களை இப்படி ஒரே குணத்தில் அடைப்பது வெளியிலிருந்து எழுதுகிறவர்களுக்கு நேரும் வழக்கமான சறுக்கல். எந்த நாவலையும் எடைபோட நான் வைத்திருக்கும் கேள்வி எளியது: அந்த ஊர் வழக்கத்தைப் பார்த்து வியந்துகொண்டிருப்பது கதைக்குள் இருக்கும் வெளியூர்க்காரரா, ஆசிரியரா? கதைமாந்தர் வியந்தால் அது நாவல். ஆசிரியரே பக்கத்துக்குப் பக்கம் வியந்துகொண்டிருந்தால் அது சுற்றுலாக் கையேடு. மஹ்ஃபூஸ் எதற்கும் வியப்பதில்லை, எதையும் விளக்குவதுமில்லை. அதனால் முதல் நூறு பக்கம் கடினமாக இருக்கும். ஆனாலும் என் தராசில் அவர்தான் கனமானவர்.

தமிழில் இத்தகைய நாவல்கள் உண்டா?

தொடராக வந்த பெருங்கதையில் மாதக்கணக்கில் வாழ்வது தமிழருக்குப் புதிதில்லை. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்தபோது, காத்திருந்து படித்தவர்கள் மலாயாவிலும் இருந்தார்கள். சோழர் காலமும் ஒரு வகையில் அயல்நாடுதான். ஆனால் அது நம் வீட்டுப் பழங்கதை என்ற உரிமையோடுதான் படிக்கிறோம். சாண்டில்யனின் ‘கடல் புறா’ கடாரத்துக்கும் ஸ்ரீவிஜயத்துக்கும் நம்மை அழைத்துச் செல்கிறது. கப்பலும் கடற்போரும் விறுவிறுப்பாக இருக்கும். எனினும் அதன் நாயகன் சோழநாட்டு மனத்தை ஒரு கணமும் கழற்றிவைப்பதில்லை என்பதால், அதை இந்த வகையில் சேர்க்க எனக்குத் தயக்கம்.

தயங்காமல் சொல்லக்கூடியது ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. 1972இல் வெளியான அந்த நாவல் பக்கக் கணக்கில் பெரியது அல்ல. ஆனால் ஜப்பானியப் படை நுழையும் சுமத்ராவின் மெடான் நகரத்துத் தெருக்களில் தொடங்கி, பினாங்கு, இந்திய தேசிய ராணுவம் என்று விரியும் அதன் உலகம் பெரியது. வட்டிக்கடைகளில் பெட்டியடிப் பையனாக வந்து அடுத்தாளாக உயரும் செட்டிநாட்டு இளைஞர்கள், தவ்கேக்கள் எனப்படும் சீன முதலாளிகள், டச்சுக்காரர் விட்டுப்போன நகரம் எல்லாவற்றையும் அங்கேயே வாழ்ந்தவரின் கண் பார்க்கிறது. சிங்காரம் இளவயதில் மெடானில் வேலை பார்த்தவர். ரப்பர்த் தோட்டத்தை எழுதிய அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் சயாமில் போட்ட மரண ரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழரை எழுதிய மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ ஆகியவற்றையும் வட்டத்தில் படித்திருக்கிறோம்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியில் பிறந்து வளர்ந்த நம் இளைய உறுப்பினர்களுக்கு, தாத்தா பாட்டி வாழ்ந்த அந்தத் தோட்டங்கள் கெய்ரோவைவிடத் தொலைவில் இருக்கின்றன. அயல் பண்பாடு என்று நாம் சொல்வதை அளக்கக் கடவுச்சீட்டு உதவாது என்று அப்போதுதான் படுகிறது.

பெயர்கள் மனத்தில் நிற்பதே இல்லை. என்ன செய்வது?

எல்லாருக்கும் உள்ள குறைதான். ரஷ்ய நாவலில் ஒரே ஆளை அம்மா ஒரு பெயரிலும், அலுவலகத்தார் தந்தை பெயரைச் சேர்த்து இன்னொரு விதமாகவும், நண்பர்கள் செல்லப்பெயரிலும் அழைப்பார்கள். அடையாள அட்டையில் ‘த/பெ’ போட்டே பழகிய நமக்குத் தந்தை பெயர் சேருவது ஒன்றும் விந்தையாக இருக்கக் கூடாது. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானில் முராசாகி ஷிகிபு எழுதிய ‘கெஞ்சியின் கதை’ இன்னும் மோசம்: ஐம்பத்து நான்கு அத்தியாயங்களிலும் பெரும்பாலோருக்குச் சொந்தப் பெயரே கிடையாது, பதவியும் இருப்பிடமும்தான் பெயர். பதவி உயர்ந்தால் அழைப்பும் மாறிவிடும்.

புத்தகத்துக்குள் ஒரு தாளைச் செருகி, ஆள் வரவர உறவுமுறையோடு குறித்துக்கொள்ளுங்கள். ‘மூத்த மகன், முதல் தாரத்துப் பிள்ளை, குடிப்பவன்’ என்று தமிழில் எழுதினால் போதும். முதல் ஐம்பது பக்கங்களில் யார் யாரென்று குழம்பினால் திரும்பிப் போகாதீர்கள். முக்கியமானவர்கள் மறுபடி வருவார்கள்.

தமிழில் படிப்பதா, ஆங்கிலத்திலா?

நல்ல தமிழ் மொழிபெயர்ப்பு இருந்தால் தமிழில்தான். டால்ஸ்டாயின் ‘போரும் வாழ்வும்’ பெருநாவலை டி.எஸ். சொக்கலிங்கம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே தமிழில் தந்துவிட்டார். தஸ்தயேவ்ஸ்கியின் பெரிய நாவல்கள் சிலவற்றை எம்.ஏ. சுசீலாவும், ஓரான் பாமுக்கின் ‘என் பெயர் சிவப்பு’ நாவலை ஜி. குப்புசாமியும் தமிழாக்கியிருக்கிறார்கள். மாஸ்கோவில் அச்சாகி மலிவு விலையில் வந்த தமிழ்ப் புத்தகங்களில் ரஷ்யாவின் பனியை முதன்முதலில் அறிந்த மூத்த வாசகர்கள் எங்கள் வட்டத்திலும் இருக்கிறார்கள்.

கூட்டுக்குடும்பம், மாமியார் அதிகாரம், சீர் செய்வது, தீட்டு, மரியாதைக்காகப் பொய் சொல்வது போன்றவை வரும் இடங்களில் தமிழ் மொழிபெயர்ப்பு ஆங்கிலத்தைவிட அருகில் போய்விடுகிறது என்பது என் அனுபவம். ஆங்கிலத்தில் அமீனாவின் கணவர் ஒரு கொடுங்கோலர். அதே வீட்டைத் தமிழில் மனத்துக்குள் சொல்லிப் பார்த்தால் அவர் நமக்குத் தெரிந்த பெரியப்பா ஒருவரின் சாயலுக்கு வந்துவிடுகிறார். தமிழில் கிடைக்காதவற்றை ஆங்கிலத்தில் படிக்கத் தயங்க வேண்டியதில்லை. பள்ளிப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் படித்துவிட்டுத் தமிழில் பேசட்டும். வட்டத்தில் அப்படித்தான் நடக்கிறது.

நூலகத்தில் மூன்று வாரம்தான் தருகிறார்கள். ஆயிரம் பக்கத்தை எப்படி முடிப்பது?

ஒரு நாளைக்கு ஐம்பது பக்கம் படித்தால் மூன்று வாரத்தில் முடிந்துவிடும். ஆனால் வேலைக்குப் போகிறவர்களுக்கு அது நடக்காத கணக்கு. இரவல் காலத்தை நீட்டித்துக்கொள்ளுங்கள். பல பாகங்களாகக் கிடைப்பதை ஒவ்வொரு பாகமாக எடுங்கள். தேசிய நூலக வாரியத்தின் மின்னூல்களை லிபி (Libby) செயலியில் எடுத்தால் கனமான புத்தகத்தைச் சுமக்க வேண்டாம். பாசிர் ரிஸிலிருந்து ஜூரோங் பக்கம் வேலைக்குப் போகிற ஒருவருக்குப் போகவர இரண்டு மணி நேரமாவது கைபேசியில் படிக்கக் கிடைக்கிறது. பிடித்துப்போனால் பழைய பிரதி ஒன்றை வாங்கிவிடுங்கள். அவசரமாகப் படித்து முடிப்பதற்கு ஏற்ற வகை நாவல்கள் இவை அல்ல.

தொலைக்காட்சித் தொடராகப் பார்த்துவிட்டேன். பிறகும் படிக்க வேண்டுமா?

தொடர் நன்றாக இருந்திருந்தால் நிச்சயம் படியுங்கள். 2024இல் வெளியான ‘ஷோகன்’ தொடர், வசனத்தில் பெரும்பகுதியை ஜப்பானிய மொழியிலேயே வைத்து, ஜப்பானியர் தங்களுக்குள் பேசுவதை விரிவாகக் காட்டி, நாவலின் சில குறைகளைச் சரிசெய்திருக்கிறது. ஆனால் பத்துப் பகுதிகளில் முடிய வேண்டியிருப்பதால், ஒன்றும் நடக்காத நாள்களுக்கு அதில் இடமில்லை. மேலே சொன்ன பழக்கம் உருவாவது அந்த நாள்களில்தான்.

பாதியில் நிறுத்தினால் தவறா?

இல்லை.

எதிலிருந்து தொடங்குவது?

கதை வேகத்தை விரும்புகிறவர்களுக்கு ‘ஷோகன்’. தமிழ் மட்டும் படிப்பவர்களுக்கு முதலில் ‘புயலிலே ஒரு தோணி’. மெடான் இங்கிருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருப்பதால், படித்த பிறகு அந்தத் தெருக்களைப் போய்ப் பார்த்துவிட்டும் வரலாம். குடும்பக் கதை பிடித்தவர்களுக்கு மஹ்ஃபூஸ். ரஷ்யர்களை இரண்டு மூன்று பெருநாவல்கள் பழகிய பிறகு வைத்துக்கொள்ளலாம், ‘கெஞ்சியின் கதை’யை அதற்கும் பிறகு.

எதை எடுத்தாலும் முதல் நூறு பக்கங்களை ஒரே மூச்சில் கடந்துவிடுவது நல்லது. அதற்குச் சீனப் புத்தாண்டு விடுமுறை மிகவும் தோதானது: சேர்ந்தாற்போல் இரண்டு நாள் கிடைக்கும், காப்பிக்கடையும் பாதி மூடியிருக்கும், யாரும் கூப்பிட மாட்டார்கள். தீபாவளி விடுமுறையை நம்பிப் புத்தகம் எடுக்காதீர்கள். வீட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள்.